டிராஜடிக்கு மாமனார் போட்ட கையெழுத்து

நான்காவது முறையாக அட்டை திரும்பி வந்தது. வந்தது என்றால் நடந்தா வந்தது. தலைமை ஆசிரியர் தன் மேஜையிலிருந்து விசிறியடித்தார், அது மின்விசிறிக் காற்றில் ஒரு சுற்றுச் சுற்றி, தேநீர்க் கோப்பையின் மேல் மூடி மாதிரி வந்து உட்கார்ந்தது. அவருக்கு அலுவலகத்தில் முற்றுப்புள்ளி என்று பெயர். எதிராளி வாக்கியத்தை முடித்தாரா என்று பார்க்கிற பழக்கம் அவருக்கு இல்லை, அவரே முடித்து வைத்துவிடுவார்.

"டி சார், இது சோகம் இல்ல. கவனக்குறைவு. கவனக்குறைவு சி-ல வந்தாச்சு. அச்சாகியும் போச்சு."

அட்டையில், 'பேருந்தில் என் குடையைத் தொலைத்தது ஒரு டிராஜடி' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. டி சார் அதை எடுத்து, தேநீர் வளையத்தைக் கைக்குட்டையால் ஒற்றினார். குடை தொலைந்தது உண்மை. அன்று மழை பெய்ததும் உண்மை. அதற்கு மேல் ஒரு மனிதன் எவ்வளவுதான் சோகப்பட முடியும்?

அது ஒரு ஆங்கில–தமிழ் அகராதி அலுவலகம். மெத்தைக் கடைக்கு மேலே இரண்டு அறை, ஒரு மாடிப்படி, முப்பத்தொன்பது இரும்பு அலமாரி. பதினாறு வருடமாக நடக்கிறது. ஆளுக்கு ஓர் எழுத்து, எழுத்துதான் பெயர். எஸ் எழுத்துக்கு வந்த அம்மையார் சேரும்போது கல்லூரி முடித்த பெண்ணாக இருந்தார், இப்போது அவர் மகளே கல்லூரி முடிக்கப் போகிறாள், எஸ் மட்டும் முடிந்தபாடில்லை. எக்ஸ், ஒய், இசட் மூன்றையும் எடுத்துக்கொண்ட புத்திசாலி ஒன்றரை மாதத்தில் வேலையை முடித்துவிட்டு, மிச்ச வருடங்களை ஜன்னலோரம் உட்கார்ந்து மற்றவர்களுக்கு யோசனை சொல்வதில் செலவிட்டார். டி எழுத்துக்கு வந்தவரை வெறும் 'டி' என்று கூப்பிட்டால் தெருவில் போகிற பெண்களெல்லாம் நிமிர்ந்து முறைத்தார்கள். அதனால் அவருக்கு முதல் நாளிலிருந்தே 'சார்' சேர்ந்துகொண்டது. வாழ்க்கையில் அவருக்கு உழைக்காமல் கிடைத்த ஒரே மரியாதை அதுதான்.

அந்த அலுவலகத்துக்கு ஒரு சட்டம் உண்டு. உலகத்தில் வேறெந்த அகராதிக்கும் இருக்காது. முன்னொரு காலத்தில் பி எழுத்துக்காரர் ஒருவர், கசாப்புக்காரர் என்ற சொல்லுக்கு எடுத்துக்காட்டாக, 'எங்கள் தெருப் பல் மருத்துவர் ஒரு கசாப்புக்காரர்' என்று கற்பனையாக எழுதிவிட்டார். பி எழுத்துத் தொகுதி வெளிவந்த மூன்றாம் நாள் அந்தப் பல் மருத்துவர் படியேறி வந்தார். கையில் எதுவும் கொண்டுவரவில்லை. கொண்டுவரவில்லை என்பதுதான் பயமாக இருந்தது என்று எஸ் அம்மா இன்றைக்கும் சொல்வார். அன்றிலிருந்து சட்டம்: எடுத்துக்காட்டு வாக்கியம் ஒவ்வொன்றும் உண்மையாக நடந்ததாக இருக்க வேண்டும். அதில் யார் வருகிறாரோ அவர் அட்டையின் பின்பக்கம் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். பின்பக்கத்தில் பெயர், உறவு, கையெழுத்து, குறிப்பு என்று நான்கு கட்டம். குறிப்பு என்ற கட்டத்தை யாரும் நிரப்பியதில்லை. புலி என்ற சொல்லுக்காக டி சார் மிருகக்காட்சிசாலைக்குப் போனபோது காவலாளி மட்டும் அதில், 'புலிக்கு ஆட்சேபணை இல்லை' என்று எழுதிக் கொடுத்தார். திருடன் என்ற சொல்லுக்கு ஐந்து வாரம் ஆள் கிடைக்கவில்லை. கடைசியில் எக்ஸ் சார் பெரிய மனது பண்ணி, ஆபீஸ் ஸ்டேப்ளரைத் தான் வீட்டுக்குக் கொண்டுபோனதை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டார். ஸ்டேப்ளர் இன்னும் வரவில்லை. வந்தால் வாக்கியம் பொய்யாகிவிடும் என்கிறார்.

இப்போது டி எழுத்தில் ஒரே ஒரு அட்டைதான் பாக்கி. வெள்ளிக்கிழமைக்குள் அது முடிந்தால் டி சாருக்கு யு எழுத்து கிடைக்கும், கூடவே வேலை நிரந்தரமாகும். முடியாவிட்டால் டி சொற்கள் மொத்தமும் எஸ் அம்மா தலையில் விழும், டி சார் வெறும் சாராக வீட்டுக்குப் போவார். எஸ் அம்மா தினமும் காலையில் அவரைப் பார்த்ததும் முதலில் கேட்பது, "அழுதீங்களா தம்பி?" என்பதுதான். பாவம், அக்கறையோடுதான் கேட்பார்.

சிக்கல் என்னவென்றால் டி சாருக்கு சோகம் இல்லை. வயது முப்பத்திரண்டு. பெற்றோர் சௌக்கியம். காதலித்த பெண்ணே மனைவி. பல்வலிகூட வந்ததில்லை. கல்யாண ஃபோட்டோ அத்தனையிலும் தான் கண்ணை மூடிக்கொண்டிருப்பதை ஒரு முறை எழுதிக் கொடுத்துப் பார்த்தார். "இது நகைச்சுவை. அதுவும் சி" என்றார் முற்றுப்புள்ளி. "எனக்கு இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை" என்று எழுதிக் கொடுத்தார். "இது மிரட்டல். டி-தான், ஆனா வேற அட்டை."

"யார் வீட்டுலயாவது போய் உட்காருங்க சார்" என்றார் எக்ஸ் சார் ஜன்னலிலிருந்து. "எல்லார் வீட்டுலயும் ஒண்ணு இருக்கும். உங்க வீட்டுல இல்லன்னா நீங்க சரியா தேடலைன்னு அர்த்தம்."

சொல்லின் பிறப்பை மட்டும் டி சார் அழகாக எழுதி முடித்திருந்தார். அது கிரேக்கத்திலிருந்து வந்தது. அங்கே ஒரு சொல்லுக்கு ஆடு என்று பொருள், இன்னொன்றுக்குப் பாட்டு. இரண்டும் சேர்ந்தால் ஆட்டுப் பாட்டு. ராஜாக்கள் கண்ணைக் குத்திக்கொண்டு, ராணிகள் தூக்கில் தொங்கி, ஊரே அழுகிற நாடகத்துக்கு ஆட்டுப் பாட்டு என்று ஏன் பெயர் வைத்தார்கள் என்பது யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. பாட்டுப் போட்டியில் ஆடு பரிசாகக் கொடுத்தார்கள் என்கிறார் ஒருவர். ஆட்டைப் பலியிட்டுப் பாடினார்கள் என்கிறார் இன்னொருவர். பாடியவர்கள் ஆட்டுத்தோல் போர்த்தியிருந்தார்கள் என்கிறார் மூன்றாமவர். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் ஆடு என்று திட்டாத குறை.

செவ்வாய்க்கிழமை காலை, சமையலறை மேஜையில் உட்கார்ந்து டி சார் அந்த அட்டையையே வெறித்துக்கொண்டிருந்தபோது, பின்பக்க அறையில் மாமனார் தொண்டையைச் செருமினார். தெருவில் இரண்டு ஜன்னல் சாத்தப்படும் சத்தம் கேட்டது.

டி சார் இருப்பது மாமனார் வீட்டில்தான். மாமியார் இறந்த அதே வருடம்தான் கல்யாணம் நடந்தது, மாமனாரைத் தனியே விட முடியாது என்று மனைவி சொன்னாள், சரியென்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். மாமனார் சினிமா தியேட்டரில் முப்பத்திரண்டு வருடம் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவர். தொந்தரவில்லாத மனிதர். போட்டதைச் சாப்பிடுவார். செய்தித்தாளைப் படித்துவிட்டு மடிப்புக் கலையாமல் வைப்பார். காலை ஆறரைக்குப் பாடுவார் என்பது ஒன்றுதான். ஒரே பாட்டு. ஏதோ பழைய பாட்டு. எந்தப் பாட்டு என்பதைப் பாட்டை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. குரல் அவர் சொன்ன பேச்சைக் கேட்காது. மேலே போகச் சொன்னால் நடுங்கும், கீழே இறங்கச் சொன்னால் உதறும். இரண்டு வரி பாடுவார். பிறகு ஓர் இடைவெளி. பத்து எண்ணுகிற நேரம் இருக்கும். அடுத்த வரி மறந்துபோகிறது, பாவம், என்று டி சார் நினைத்துக்கொள்வார். பிறகு மூன்றாம் வரி வரும், முன்னைவிட மெதுவாக.

அன்றைக்கும் குரல் மேலே ஏறி உச்சியில் நின்று, 'ஏஏஏஏ' என்று உதறியது. டி சார் கையிலிருந்த அட்டையைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். மறுபடியும் அட்டையைப் பார்த்தார். பிறப்பு, பொருள், எடுத்துக்காட்டு மூன்றும் ஒரே ஆளிடம் அமைவது அகராதிக்காரன் வாழ்வில் ஒரு தடவைதான் நடக்கும். பேனாவைத் திறந்து, 'என் மாமனார் தினமும் காலையில் பாடுவது ஒரு டிராஜடி' என்று ஆங்கிலத்தில் எழுதினார். உண்மை. சாட்சிக்குத் தெருவே இருக்கிறது. அப்புறம்தான் அட்டையின் பின்பக்கம் ஞாபகம் வந்தது.

மாமனார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"என்ன மாப்ளே, இன்னிக்கும் கிடைக்கலையா?"

"கிடைச்சிடுச்சு மாமா. உங்க கையெழுத்து ஒண்ணு வேணும்."

"என் கையெழுத்தா? நான் என்ன பண்ணேன்?"

"உங்க பாட்டு மாமா. அகராதில வருது."

மாமனார் துண்டைத் தோளில் போட்டார். பிறகு எடுத்து இன்னொரு தோளில் போட்டார். அட்டையை வாங்கி, தூரமாகப் பிடித்து, இன்னும் தூரமாகப் பிடித்தார்.

"கண்ணாடி இல்லாம தெரியல. இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்?"

டி சார் நேர்மையானவர். பொய் சொல்ல மாட்டார். அதனால் அர்த்தத்தை விட்டுவிட்டுப் பிறப்பைச் சொன்னார்.

"அது கிரேக்க வார்த்தை மாமா. ஆட்டுப் பாட்டுன்னு."

"ஆடா?"

"சாதாரண ஆடு இல்ல மாமா. பாட்டுப் போட்டில பரிசா குடுக்கற ஆடு."

"ஓஹோ. அப்ப, பரிசு வாங்கற மாதிரி பாட்டு."

"அப்படியும்... அறிஞர்கள் சொல்றாங்க."

"பெரிய பெரிய ராஜாவெல்லாம் இதுக்கு வருவாங்களோ?"

"ராஜா இல்லாம நடக்கவே நடக்காது மாமா."

மாமனார் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இரு மாப்ளே. பனியனோட கையெழுத்துப் போடக் கூடாது" என்று அட்டையோடு உள்ளே போனார். கதவு சாத்தியது. பீரோ திறந்தது. கட்டிலின் ஸ்பிரிங் முனகியது. சட்டை மாட்ட அவ்வளவு நேரமா என்று டி சாருக்கு வியர்த்தது. கால் மணி கழித்து வந்த மாமனார் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் இருந்தார். அட்டையை ஒரு பழுப்பு உறையில் போட்டு, ஒட்டி, டி சாரின் பையில் தானே வைத்தார். "உங்க ஆபீசர் பிரிக்கட்டும். அதுதான் முறை."

இதோடு முடிந்திருந்தால் இந்தக் கதைக்கு இரண்டு பக்கம் குறைந்திருக்கும். மாமனார் அந்தச் சட்டையைக் கழற்றவில்லை. அப்படியே தெருவில் இறங்கிவிட்டார். சாயந்திரம் டி சார் உறையைக் கொடுக்க மனம் வராமல் பையிலேயே வைத்துத் திரும்பியபோது இஸ்திரிக் கடைக்காரர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கை கொடுத்தார். எதிர்வீட்டுப் போக்குவரத்துக் காவலர், தினமும் முதல் ஜன்னலைச் சாத்துபவர், "உங்க மாமனார் பாட்டு புக்குல வருதாமே! என்னன்னு வருது?" என்று கேட்டார். டி சார், "வரும்போது பாருங்க" என்று சொல்லிவிட்டு, தன் வீட்டைத் தாண்டி நாலு வீடு வேகமாக நடந்து போய்த் திரும்பி வந்தார்.

மனைவி கதவருகிலேயே நின்றிருந்தாள். மருந்துக் கடையில் வேலை. டாக்டர்கள் கையெழுத்தையே படிக்கிறவளுக்குக் கணவன் முகம் எம்மாத்திரம்.

"அப்பாகிட்ட என்ன சொன்னீங்க?"

"சொல்லோட பிறப்பைச் சொன்னேன்."

"எந்தச் சொல்?"

சொன்னார். முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது மாதிரிதான் இருந்தது. பிறகு அது பாதியிலேயே நின்றுவிட்டது.

"தெருவெல்லாம் சொல்லிட்டு வந்திருக்கார். மத்தியானம் கடைக்கு வந்து என் ஓனர்கிட்ட சொல்றார். ஓனரம்மா இங்கிலீஷ் எம்.ஏ. நல்ல வேளை, பாட்டு அகராதில வருதுன்னு மட்டும்தான் சொன்னார், வார்த்தையைச் சொல்லல."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கோயேன்."

"அப்புறம்? புஸ்தகம் வந்ததும் முதல் பிரதி வாங்கி, முன் அறையில வைப்பார். வர்றவங்களுக்கெல்லாம் பக்கத்தைத் திறந்து காட்டுவார். நீங்க யு எழுத்துல உட்கார்ந்துட்டு இருப்பீங்க." குரலைத் தாழ்த்தினாள். "நீங்களே சொல்லிடுங்க. வெள்ளிக்கிழமை ஆபீஸ் போறதுக்கு முன்னாடி. இல்லன்னா நான் சொல்லுவேன். நான் சொன்னா உங்களுக்கு மரியாதையா இருக்காது."

புதன்கிழமை டி சார் சொல்லப் போனார். மாமனார் வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்துக்கொண்டிருந்தார், பேச முடியாது என்று கையால் சைகை காட்டினார். வியாழக்கிழமை சொல்லப் போனார். மாமனார், "மாப்ளே, வந்து மூணு வருஷத்துல நீ எனக்குன்னு ஒண்ணு பண்ணிருக்கே" என்றார். அதற்கு மேல் எந்த மனிதனால் வாயைத் திறக்க முடியும்? திறந்தார். "காபி சாப்பிடறீங்களா மாமா" என்றுதான் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஆறரைப் பாட்டு முடிந்து, மனைவி அவரைப் பார்த்த பார்வையைத் தாங்க முடியாமல், சாப்பிடாமலே கிளம்பினார். பேருந்து ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் டி சார் ஒரு முடிவு எடுத்தார், அடுத்த நிறுத்தத்தில் அதை மாற்றினார். மெத்தைக் கடை நிறுத்தம் வந்தபோது கையில் இருந்த முடிவு: உறையைக் கிழித்துப் போட்டுவிட்டு, எழுத்து வேண்டாம், வேலை வேண்டாம் என்று சொல்லிவிடுவது. அதே நிறுத்தத்தில் இறங்கியதால் அந்த முடிவே நிலைத்தது. இல்லாவிட்டால் என்னவாகியிருக்குமோ தெரியாது.

உறையை வெளியே எடுத்து, "சார், இது..." என்றதுமே முற்றுப்புள்ளி, "வந்துடுச்சா" என்று அதைப் பிடுங்கிப் பிரித்துவிட்டார்.

"சார், அதைக் குடுத்துடுங்க. நான் கிழிக்கணும். அவர்கிட்ட அர்த்தம் சொல்லாம கையெழுத்து வாங்கிட்டேன். டி-ய எஸ் அம்மாவுக்கே குடுத்துடுங்க."

"ஐயோ தம்பி" என்றார் எஸ் அம்மா. அனுதாபமா அலறலா என்று தெரியவில்லை.

முற்றுப்புள்ளி முன்பக்கத்தைப் படித்தார். உதட்டோரம் லேசாக விரிந்தது. அட்டையைத் திருப்பினார். பெயர், உறவு, கையெழுத்து. பிறகு குறிப்பு. படித்துக்கொண்டே இருந்தார். நான்கு வரிக்கு அவ்வளவு நேரம் ஆகாது. கண்ணாடியைக் கழற்றி, அட்டையை எஸ் அம்மாவிடம் நீட்டினார். எஸ் அம்மா சத்தமாகத்தான் படிக்க ஆரம்பித்தார்.

"'இந்த வார்த்தைக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். அந்தப் படங்களுக்கெல்லாம் நான்தான் டிக்கெட் கிழித்தேன், அழுதுகொண்டு வெளியே வருகிறவர்களுக்கு நான்தான் கதவைத் திறந்துவிட்டேன். மாப்பிள்ளை சொல்லக் கூச்சப்படுகிறார். எனக்குத் தெரியும் என்று அவரிடம் சொல்ல வேண்டாம். ஆனால் வாக்கியத்தில் ஒரு திருத்தம். என் மனைவி இருந்தவரை...'" எஸ் அம்மா அட்டையை மேஜையில் வைத்துவிட்டார். மிச்சத்தை எக்ஸ் சார் ஜன்னலை விட்டு எழுந்து வந்து படித்தார். அவர் எழுந்து நடந்ததை அந்த அலுவலகத்தில் பலர் அன்றுதான் பார்த்தார்கள்.

"'என் மனைவி இருந்தவரை அது வெறும் சத்தம்தான். சம்மதம்.'"

கீழே மெத்தைக் கடையில் யாரோ மெத்தையை அடித்துத் தூசி தட்டினார்கள்.

"முன்பக்கம் சேராது" என்றார் முற்றுப்புள்ளி கடைசியில். "பின்பக்கம்தான் வாக்கியம். 'என் மனைவி இருந்தவரை என் பாட்டு வெறும் சத்தம். இப்போது அது டிராஜடி.' மாத்தி எழுதுங்க."

"சார்" என்றார் எக்ஸ் சார் மெதுவாக. "அப்ப வாக்கியத்துல அவங்களும் வராங்களே. அவங்க கையெழுத்து?"

சட்டம் சட்டம்தான். பதினாறு வருடத்தில் அது யாருக்காகவும் வளைந்ததில்லை, புலிக்குக்கூட. முற்றுப்புள்ளி அட்டையை வாங்கி மறுபடி திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"அந்தக் கட்டத்தை அப்படியே விட்டுடுங்க. காலியாவே இருக்கட்டும்..."

வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. அலுவலகம் காத்திருந்தது. அவர் எழுந்து போய், யு என்று ஒட்டியிருந்த மரப்பெட்டியைத் தூக்கி வந்து டி சார் மேஜையில் வைத்தார். "குடையில ஆரம்பிங்க. அதான் உங்ககிட்ட தயாரா இருக்கே."

சாயந்திரம் மனைவியிடம் குறிப்பை ஒப்பித்தார். பேருந்தில் வரும்போதே மனப்பாடம் ஆகியிருந்தது. அவள் வெந்தய டப்பாவை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள்.

"தெரிஞ்சுட்டேதான் தெருவெல்லாம் சொல்லிட்டு வந்தாரா?"

"சட்டையெல்லாம் போட்டுட்டு."

"அம்மாவுக்கு அந்தப் பாட்டே பிடிக்காது" என்றாள் அவள். "தினமும் சண்டை. அவர் ரெண்டு வரி பாடினதும் அம்மா இங்கிருந்து கரண்டியோட கத்துவாங்க, 'போதும், நிறுத்துங்க! பால் திரிஞ்சுடும்!'னு. அவர் கேட்கவே மாட்டார், இன்னும் சத்தமா பாடுவார். எனக்கு அலாரமே அதுதான்."

"ரெண்டு வரி முடிஞ்சதுமா?"

"ஆமா. சரியா அங்கதான்."

டி சார் பத்து வரை எண்ணிப் பார்த்தார், மனதுக்குள்.

சனிக்கிழமை விடுமுறை. ஆறரைக்கு அவர் சமையலறையில் பல் துலக்கிக்கொண்டு நின்றார். அடுப்பில் பால் இருந்தது. மனைவி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பின்பக்க அறையில் செருமல் கேட்டது. எதிர்வீட்டு ஜன்னல் சாத்தியது. முதல் வரி நடுங்கிக்கொண்டே மேலே போனது, இரண்டாம் வரி உதறிக்கொண்டே கீழே வந்தது. பிறகு அந்த இடைவெளி.

ஒன்று, இரண்டு, மூன்று. மனைவியின் கையில் பாத்திரம் நின்றது. நான்கு, ஐந்து. டி சார் அவளைப் பார்த்தார். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு. ஏழு.

"போதும், நிறுத்துங்க!" என்று டி சார் கத்தினார். வாயில் இருந்த நுரை சுவரில் தெறித்தது. "பால் திரிஞ்சுடும்!"

உள்ளே சத்தமே இல்லை. பத்து கடந்தது, பதினைந்து கடந்தது. தப்புப் பண்ணிவிட்டோம் என்று டி சார் அந்த அறையை நோக்கி ஓர் அடி வைத்தார். நாற்காலி நகரும் ஓசை கேட்டது. யாரோ எழுந்து நிற்கிறார்கள்.

பிறகு மூன்றாம் வரி வந்தது. சுருதியும் இல்லை, தாளமும் இல்லை, சத்தம் மட்டும் இருந்தது. அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசின. எதிர்வீட்டுக் காவலர் சாத்திய ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார். அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது, அதை இறக்க வேண்டும் என்று அங்கே இருந்த இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.